விசித்திர கிதார்களும் தம்புராவின் ஜீவாவும்

மின்கிதாருக்கு வயிறு தேவையில்லை. கம்பியின் அதிர்வைப் பிக்கப்பில் உள்ள காந்தமும் செப்புச் சுருளும் மின்னோட்டமாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பிவிடுகின்றன. வீணையில் குடம் செய்யும் வேலையை இங்கே எந்த உறுப்பும் செய்ய வேண்டியதில்லை என்பதால் பலகையை எந்த வடிவிலும் அறுக்கலாம். 1958இல் அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் அம்பு முனை போன்ற ஃப்ளையிங் வி கிதாரைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் டார்ட்ஃபர்டில் இயங்கிய வாக்ஸ் நிறுவனம் 1962 வாக்கில் கோணல் மாணலான ஐந்து பக்கங்கள் கொண்ட ஃபேன்டம் கிதாரையும், அதன்பின் நீர்த்துளி வடிவிலான மார்க் வரிசையையும் வெளியிட்டது.

வடிவத்தோடு விசித்திரம் நிற்கவில்லை. டிரான்சிஸ்டர் வந்ததும், முன்பு பெரிய பெட்டி கேட்ட மின்சுற்றுகள் உள்ளங்கையில் அடங்கின. கிதாரின் உடலைக் குடைந்து அவற்றை உள்ளேயே பொருத்தினால் என்ன என்று 1960களின் நடுவில் வாக்ஸ் துணிந்தது. அப்படிப் பிறந்த மாதிரிகளில் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ், ஒலியை விட்டுவிட்டுத் துடிக்கச் செய்யும் சுற்று, உள்ளங்கையால் அழுத்தி இயக்கும் வா-வா நெம்புகோல், சுருதி சேர்க்க உதவும் ஒலி என ஒரே பலகையில் பொத்தான்கள் நிறைந்தன. இவற்றில் பலவற்றைச் செய்து கொடுத்தது இத்தாலியின் எகோ தொழிற்சாலை. அக்கார்டியன் தொழிலிலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. பொத்தான்கள் மேல் அதற்கு இருந்த பிரியம் அங்கிருந்து வந்தது எனலாம்.

இந்த முயற்சியின் உச்சம் 1966இல் வந்த வாக்ஸ் கிதார் ஆர்கன். டிக் டென்னி என்ற பொறியாளர் ஒவ்வொரு மெட்டையும் ஆறு துண்டுகளாகப் பிரித்து, துண்டு ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பியிழை ஓட்டினார். விரல் அழுத்தத்தில் கிதார்க் கம்பி மெட்டைத் தொட்டதும் மின்சுற்று முழுமையாகி, உள்ளே இருந்த ஆர்கன் சுற்று அந்தச் சுரத்தை ஒலித்தது. மீட்டக்கூடத் தேவையில்லை. எண்ணத்தில் இது அற்புதம்தான், மேடையில் பெரும் தொல்லை. கருவி கனத்தது, தனி மின்பெட்டி வேண்டியிருந்தது, நூற்றுக்கும் மேற்பட்ட தொடுமுனைகளில் ஒன்று அழுக்கேறினாலும் ஒரு சுரம் ஊமையானது.

இதே காலத்தில், இத்தகைய விளைவுகளைத் தனிப் பெட்டியில் தரும், காலால் மிதிக்கும் பெடல்கள் பரவின. 1962இல் விற்பனைக்கு வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன், 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ பாட்டில் ஒலித்து உலகப் புகழ் பெற்றது. பெடல் கெட்டால் பெடலை மட்டும் மாற்றலாம். உள்ளே பொருத்திய சுற்று கெட்டால் கிதாரையே பிரிக்க வேண்டும். உள்ளமைந்த மின்விளைவுகள் தோற்றதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

ஆனால் மின்சுற்றே இல்லாத ஓர் உள்ளமைந்த விளைவு நிலைத்தது. அதன் வேர் இந்தியாவில் இருக்கிறது. 1965இல் ஜார்ஜ் ஹாரிசன் பீட்டில்ஸ் பாட்டொன்றில் சித்தார் வாசித்தபின், மேற்கத்தியப் பதிவரங்குகள் அந்த ஒலியைத் தேடின. சித்தாரைக் கற்க ஆண்டுகள் பிடிக்கும். நியூயார்க் கிதார்க் கலைஞர் வின்னி பெல், நியூஜெர்சியின் டேனெலெக்ட்ரோ நிறுவனத்துடன் சேர்ந்து 1967இல் கோரல் மின்சித்தாரை உருவாக்கினார். ஆறு கம்பிகளும் கிதார் முறையிலேயே வாசிக்கத்தக்கவை. உடலின் மேற்புறம் 13 அனுநாதக் கம்பிகளும் அவற்றுக்கெனத் தனிப் பிக்கப்பும் இருந்தன. சித்தார் போன்ற ரீங்காரம் பிறந்தது, கம்பிகளைத் தாங்கும் அதன் அகன்ற தட்டைக் குதிரையில். பி.ஜே. தாமஸின் ‘ஹுக்ட் ஆன் எ ஃபீலிங்’ (1968), ஸ்டீவி வொண்டரின் ‘சைன்ட், சீல்ட், டெலிவர்ட்’ (1970) ஆகிய பாடல்களில் அதைக் கேட்கலாம்.

அந்தக் குதிரையின் தத்துவம் தென்னாட்டுத் தம்புராவில் பழையது. திருப்பதி வட்டாரத்தில், கீர்த்தனைகள் இயற்றிய தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரைத் தம்புரா இல்லாமல் சித்திரித்த படம் அரிது. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை போன்ற பாடகர்களின் பின்னால் நின்றதும் அந்த நாதம்தான். தம்புராவின் குதிரை கூர்மையானதல்ல, அகலமாக, மெல்லிய வளைவோடு இருக்கும். கம்பிக்கும் குதிரைக்கும் இடையில் ஒரு நூலைச் செருகி முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். அதுதான் ஜீவா. சரியான இடத்தில் நூல் நின்றதும் கம்பி அதிரும்போதெல்லாம் வளைவைத் தொட்டு விலகுகிறது, மேற்சுரங்கள் திரளாக எழுகின்றன. சி.வி. ராமன் 1921இல் இதை ஆராய்ந்து எழுதினார். ஒரு கம்பியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசைவற்றிருக்கும் மேற்சுரம் ஒலிக்கக் கூடாது என்பது பௌதிக விதி. தம்புராவிலும் வீணையிலும் அதுவே ஓங்கி ஒலிப்பதை அவர் காட்டினார். மின்கலமோ டிரான்சிஸ்டரோ இன்றி, ஒரு நூலைக் கொண்டு ஒலியின் நிறத்தை மாற்றிய இந்தக் கைவினை வாக்ஸ் பொத்தான்கள் எல்லாவற்றையும்விட நுட்பமானது.

எதிர்த் திசையிலும் ஒரு பயணம் நடந்தது. ஆந்திரத்தின் பாலகொல்லுவில் 1969இல் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ் மேற்கத்திய மாண்டலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். செம்பை வைத்தியநாத பாகவதரிடம் பயின்ற ருத்ரராஜு சுப்பராஜு பாடிக் காட்ட, சிறுவன் அதை மாண்டலினில் வாசித்துப் பழகினான். வழக்கமான மாண்டலினில் எட்டுக் கம்பிகள் நான்கு இரட்டைகளாக இருக்கும். இரட்டைக் கம்பியை ஒரே அளவில் இழுத்துக் கமகம் பிடிப்பது கடினம், மீட்டிய ஒலியும் சட்டென்று அடங்கிவிடும். அவர் கைக்கொண்டது ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட மின்மாண்டலின். பிக்கப் தந்த நீடிப்பில் ஒரே மீட்டில் பல சுரங்களை இழைக்க முடிந்தது. 1978இல் குடிவாடாவில் அரங்கேறிய அவர் 1981இல் சென்னையில் வாசித்தார். 1998இல் பத்மஸ்ரீ பெற்றார். மின்கருவியிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது நீடிப்பை மட்டும். கரகரப்பையும் துடிப்பையும் கச்சேரி மேடைக்கு அவர் அழைக்கவில்லை.

1995இல் வெளிவந்த ‘டிரீம்’ இசைத்தட்டில் அவருடன் இணைந்தவர் கனடாவின் மைக்கேல் புரூக். கம்பியின் அதிர்வையே மின்சுற்றின் வழியாகக் கம்பிக்குத் திருப்பியளித்து, ஒலி அணையாமல் காக்கும் ‘இன்ஃபினிட் கிதார்’ புரூக் வடிவமைத்தது. உள்ளே சுற்று வைத்த கிதார்களின் வரிசையில் உருப்படியாகத் தேறிய சிலவற்றுள் அதுவும் ஒன்று. 2014 செப்டம்பர் 19 அன்று 45 வயதில் ஸ்ரீநிவாஸ் மறைந்தார். மின்மாண்டலின் மரபை அவருடைய தம்பி உ. ராஜேஷ் தொடர்கிறார்.