பீடித் தொழிலும் ‘தொழிலாளி’ என்னும் சொல்லும்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் காற்றோட்டம், தூசி அகற்றல் முதலியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. ஆயின், மின்விசையின்றி இயங்கும் இடத்தில் பொதுவாக 20 பேரேனும் பணிபுரிந்தாலன்றி அது தொழிற்சாலை எனப்படவில்லை. வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றிய பெண்கள் இவ்வரம்புக்குப் புறத்தே நின்றனர். புகையிலை பெற்றுச் சென்று பீடி செய்வித்து ஒப்படைத்த சட்டேதார்களையும் 1958இல் சிந்தாமன்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தற்சார்பு ஒப்பந்தக்காரர் என்றே கொண்டது.

1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுவோரையும் ஊழியராக ஏற்றது. 1974இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. எனினும், எம்முதலாளியையும் சாராது குடும்பத்தாருடன் இல்லத்தில் தொழில் செய்வோரை அதன் 43ஆம் பிரிவு விலக்கிற்று. ஏற்கப்பட்டோருக்கும் காற்றோட்ட விதிகள் எட்டவில்லை. அவை ‘தொழிலகம்’ ஒன்றுக்கே உரியன. தனியார் குடியிருப்பு வீடு அவ்வரையறையினின்று நீக்கப்பட்டிருந்தது. குழந்தைகள் உறங்கிய இடமும் அவ்வீடே என்பது கருதத்தக்கது.