பந்தயத்தைச் சமமாக்கிய கதை

ராசிங்காபுரம், போடி வட்டாரத்தில் மாட்டுவண்டிப் பந்தயம் என்றால், எந்த மாடு எந்தப் பிரிவில் ஓடும் என்பதுதான் முதல் பேச்சு. பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்று தேனி மாவட்டத்தில் பிரித்து ஓட்டுகிறார்கள். பிரிவுக்கு ஏற்ப ஓடும் தூரமும் மாறும். தட்டான்சிட்டைப் பெரிய மாட்டோடு இறக்கிவிட்டால் அது பந்தயமே இல்லை.

எடின்பரோவில் தாமஸ் கின்கெய்ட் என்ற மருத்துவ மாணவர் 1687இல் இதே சமநிலைச் சிக்கலைத்தான் யோசித்தார். கோல்ஃபில் கைதேர்ந்தவரும் கற்றுக்குட்டியும் காசு வைத்து ஆடுகிறார்கள். பணத்தைச் சமமாக வைத்து ஆட்டத்தில் சலுகை தருவதா, ஆட்டத்தைச் சமமாக விட்டு வல்லவர் கூடுதல் பணம் வைப்பதா? கேள்வியைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். இன்று ஹேண்டிகேப் எனப்படும் சலுகைக் கணக்கின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் அதுவும் ஒன்று.

கோல்ஃப் இந்தியாவுக்கு வந்தது 1829இல், கல்கத்தாவில். கொடைக்கானலில் 1895இல் மன்றம் தொடங்கினார்கள். போடிமெட்டு ஏறிப் போனால் வரும் மூணாறில், தேயிலைத் தோட்டத் துரைமார்களின் ஹை ரேஞ்ச் கிளப்பிலும் மைதானம் உண்டு.  

நண்பர்களின் கோல்ஃப் ஆட்டத்துக்கு இன்றும் மிகப் பொருத்தமான பந்தயம் ‘நாசா’ (Nassau). 1900 வாக்கில் நியூயார்க் அருகே நாசா கன்ட்ரி கிளப்பில் பிறந்தது. முதல் 9 குழிகளுக்கு ஒன்று, பின் 9 குழிகளுக்கு ஒன்று, மொத்தம் 18க்கு ஒன்று என மூன்று பந்தயம். எவ்வளவு மோசமாக ஆடினாலும் 3-0க்கு மேல் தோல்வி போகாது. பெரிய மனிதர்களின் படுதோல்வி நாளிதழில் வருவதைத் தவிர்க்கவே இப்படி வகுத்தார்கள் என்று சொல்வார்கள். முதல் பாதியில் தோற்றவருக்கும் இரண்டாம் பாதி புதிதாகத் தொடங்குகிறது. இதன் சிறப்பே அதுதான்.

ஒருவர் ஹேண்டிகேப் 8, மற்றவர் 14 என்றால் வித்தியாசம் 6. மிகக் கடினமான ஆறு குழிகளில், 14 உள்ள பலவீனமானவருக்குக் குழிக்கு ஓர் அடி சலுகை. பந்தயத்துக்கு 100 ரூபாய் என்றால் அதிகபட்ச இழப்பு 300. ஆனால் இரண்டு குழி பின்தங்கியவர் மிச்ச ஆட்டத்துக்குப் புதுப் பந்தயம் கேட்கும் ‘பிரெஸ்’ வழக்கத்தைச் சேர்த்தால் தொகை ஏறிக்கொண்டே போகும். குழிக்குக் குழி பணம் வைக்கும் ‘ஸ்கின்ஸ்’ ஆட்டத்தில் சமனான குழியின் பணம் அடுத்த குழிக்குச் சேரும். அங்கும் கவனம் வேண்டும்.

கோல்ஃப் விதிகளைக் காக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பு இத்தகைய பந்தயத்தைக் குறை சொல்வதில்லை. ஆனால் அதன் நிபந்தனைகள் உண்டு: ஆடுபவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும், விருப்பப்பட்டவர் மட்டும் சேர வேண்டும், பணம் அவர்களுடையதாகவே இருக்க வேண்டும், தொகை மிகையாகக் கூடாது. நம் நாட்டில் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணத்தை வழக்குப் போட்டு வாங்க முடியாது. எனவே தொகை, சலுகை, பிரெஸ் உண்டா இல்லையா என்ற மூன்றையும் முதல் பந்தை அடிக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.