கண்டெடுத்தவர் பெயர்



கடந்த வாரம் தரம் 7 மாணவன் ஒருவன் கடற்கரையில் பொறுக்கிய கல்லொன்றை என் மேசையில் வைத்து, "சேர், இது உயிர்ச்சுவடா?" என்று கேட்டான். மணி அடிக்கிற நேரம். "முருகைக்கல்லாத்தான் இருக்கும், வெளியில போடு" என்று சொல்லிவிட்டேன். பிள்ளை ஒன்றும் பேசாமல் யன்னலுக்கு வெளியே போட்டுவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மனம் உறுத்தியது. வரலாறு படிப்பிக்கிறவன் நான். மேரி அன்னிங்கின் கதை எனக்குத் தெரியாததல்ல.

மேரி 1799இல் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள லைம் ரீஜிஸ் ஊரில் பிறந்தவர். தந்தை தச்சர். கடலோரச் சரிவுகளில் இருந்து உதிரும் உயிர்ச்சுவடுகளைப் பொறுக்கி, ஊருக்கு வரும் உல்லாசப் பயணிகளுக்கு விற்பதும் அவர்களின் பிழைப்பு. 1810இல் தந்தை கடனை விட்டுவிட்டு இறந்துபோனார். 1811இல் அண்ணன் ஜோசப் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டார். முதலை என்றார்கள். அடுத்த வருடம் மேரி மிச்ச எலும்புகளையும் தேடிப் பிடித்தார். அது முதலையல்ல, இக்தியோசர் எனும் அழிந்துபோன கடல் ஊர்வன. 23 பவுணுக்கு விலைபோனது. 1814இல் எவரார்ட் ஹோம் என்ற மருத்துவர் அதைப் பற்றி இலண்டனில் கட்டுரை எழுதினார். அதில் மேரியின் பெயர் இல்லை.

அந்தக் கரையில் இன்னொரு வகைக் கல்லும் கிடைக்கும். கோரோசனை போலிருப்பதால் அந்தப் பெயரிலேயே அழைத்தார்கள். இவை இக்தியோசர் எலும்புக்கூடுகளின் வயிற்றுப் பகுதியில் கிடப்பதை மேரி கவனித்தார். உடைத்துப் பார்த்தால் உள்ளே மீன் எலும்பும் செதிலும். அதாவது, கல்லாகிப்போன சாணம்! 1829இல் வில்லியம் பக்லண்ட் அதற்கு கொப்ரொலைட் என்று பெயர் வைத்தார். எங்கே கிடந்தது, உள்ளே என்ன இருக்கிறது: இந்த இரண்டையும் பார்த்ததால் வந்த விடை அது. மேரி 1847இல் மரணித்தார். இலண்டன் புவியியல் சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்றதே 1919இல்தான்.

நம் பக்கத்துக் கற்களும் இலேசானவையல்ல. புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை நிலத்துக்கடியில் உள்ள சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்துக் கடலில் படிந்தது. அந்தக் காலம் சுமார் 2 கோடி 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. ஆகவே பிள்ளைகள் கொண்டுவரும் கல்லைக் கொஞ்சம் பாருங்கள். அண்மையில் கரையொதுங்கிய முருகைக்கல் வெள்ளையாக, துளைகள் திறந்து, பாரமில்லாமல் இருக்கும். உயிர்ச்சுவடானால் பெரும்பாலும் துளைகள் கனிமத்தால் அடைபட்டு, கை பாரமாக உணரும். சிப்பியின் வரிகள் போல ஒழுங்கான அமைப்பு இருக்கிறதா, உடைந்த பக்கத்திலும் அது தொடர்கிறதா என்று பாருங்கள். இன்றைய சிப்பியொன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். சந்தேகமென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறை போன்ற இடங்களுக்குப் படத்தை அனுப்பிக் கேட்கலாம்.

மறுநாள் காலையில் அவனையும் கூட்டிக்கொண்டு யன்னலுக்கு வெளியே தேடினேன். புல்லுக்குள் கிடந்தது. கையில் எடுத்தால் நல்ல பாரம். ஒரு பக்கம் விசிறி போல வரிகள். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது அது வகுப்பறை அலுமாரியில் இருக்கிறது. கீழே ஒரு துண்டுக் கடதாசி: கிடைத்த இடம், திகதி, கண்டெடுத்தவர் பெயர். அந்த மூன்றையும் அவன்தான் தன் கையால் எழுதினான்.