துள்ளிசையும் நமது வரலாறும்

வரலாறு என்றதும் நம் மாணவர் போர் நடந்த ஆண்டுகளை ஒப்புவிக்கத் தொடங்கிவிடுகின்றனர். ஆனையிறவைப் பற்றிக் கேட்டால் 1991, 2000, 2009 என்று மூன்று ஆண்டுகளைக் கூறி நிறுத்திக்கொள்கின்றனர். அவ்வாண்டுகளில் சிந்திய குருதியை மறந்துவிடுமாறு நாம் எவருக்கும் கூறமாட்டோம். ஆயினும் போர் நிகழாத ஆண்டுகளிலும் இங்கே மனிதர் வாழ்ந்தனர். உப்பு வாரினர், மிளகாய் நட்டனர், பாடினர், ஆடினர். அவர்கள் எதைப் பாடினர் என்பதும் வரலாறேயாகும்.

இந்த எண்ணம் நமக்கு ஒரு தேநீர்க்கடையிலே உதித்தது. 2018 ஜனவரி 22 ஆம் நாள் ஏ. ஈ. மனோகரன் சென்னையில் காலமானார். 'பொப் இசைச் சக்கரவர்த்தி' என்று இலங்கைத் தமிழர் கொண்டாடிய பாடகர் அவர். செய்தி வந்ததற்கு மறுநாள் மாலை, கண்டி வீதியோரத்துக் கடையொன்றில் முதியவர் சிலர் கூடியிருந்தனர். ஒருவர் உப்பளத்தில் வேலை செய்தவர். மற்றொருவர் கிளிநொச்சிப் பக்கத்துக் கமக்காரர். வேறொருவர் புகையிரத நிலையத்தில் சுமை தூக்கியவர். "மனோகரன் போயிட்டாராம் மாஸ்ரர்" என்று உப்பளத்தவர் நம்மிடம் சொன்னபோது, உறவினர் ஒருவரின் இழவைச் சொல்வது போன்றே அவர் குரல் இருந்தது. கடை மூடும்வரை அவர்கள் பேசினர். அருகிலிருந்து கேட்ட நாம் வெட்கமடைந்தோம். பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் தமிழ் பயின்ற நமக்கு, இம்மக்கள் நெஞ்சிலே வைத்துப் போற்றிய இந்த இசையைப் பற்றி ஒரு விரிவுரையும் கிடைத்ததில்லை.

துள்ளிசை திடீரென முளைத்ததன்று. போர்த்துக்கேயர் 1505 இல் இத்தீவுக்கு வந்தனர். அவர்களுடனும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கப் போர்வீரருடனும் வந்த ஆட்டமும் தாளமுமே பைலாவாகக் கரையோரத்தில் ஊறின. மட்டக்களப்புப் பறங்கியரின் விழாக்களில் அதன் பழைய வடிவம் நெடுங்காலம் வாழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்ரியன் அதனைச் சிங்கள மக்களின் பொதுச்சொத்தாக்கினார். 1966 இல் கிளறன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் மூன்ஸ்ரோன்ஸ் குழுவை அமைத்து, மின்சாரக் கிற்றாரைச் சிங்களப் பாட்டுக்குத் துணையாக்கினர். உலகெங்கும் இளைஞர் பீற்றில்ஸ் குழுவினரைப் பின்பற்றிய காலம் அது. அந்த அலை கொழும்பிலே நின்றுவிடவில்லை. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் கிற்றாரை ஏந்தி, யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலே பாடினார். 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' ஆகிய அவருடைய பாடல்களை அறியாத தமிழ் வீடு 1970களில் இந்நாட்டில் அரிது. அவரைத் தொடர்ந்தும் அவரோடும் பலர் பாடினர். அவர்களுள் மேடையை முழுமையாக ஆண்டவர் மனோகரன்.

இவ்விசை அக்காலத்தில் இத்துணை விரைவாகப் பரவியதற்குக் காரணம் யாது? பாடகரின் திறமை ஒரு காரணம். ஆனால் திறமைக்குக் களம் வேண்டும். அக்களத்தைப் பொருளாதாரம் அமைத்தது. 1970 முதல் 1977 வரை ஆண்ட அரசாங்கம் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்திற்று. தென்னிந்தியச் சஞ்சிகைகளுக்கும் திரைப்படங்களுக்கும் தடைகள் ஏற்பட்டன. அதனால் உண்டான வெற்றிடத்தில் உள்நாட்டுக் கலைஞரின் குரல் ஒலித்தது. அதே கட்டுப்பாடுகளால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்களில் காடு வெட்டிப் பயிர்செய்த இளைஞர் கையிலே முதன்முறையாகப் பணம் புரண்டது. அப்பணத்தில் ட்ரான்சிஸ்டர் வானொலிப் பெட்டி வாங்கப்பட்டது. வரம்பிலே அதனை வைத்துவிட்டுத் தண்ணீர் மாறியதாகக் கமக்காரர் கூறினார். மிளகாய் விலைக்கும் பொப்பிசைக்கும் தொடர்புண்டு என்று எந்தப் பாடநூலும் நமக்குச் சொல்லவில்லை, அவர் சொன்னார்.

நம் தமிழறிஞர் பலர் இவ்விசையைப் பொருட்படுத்தவில்லை. கொச்சைத் தமிழ் என்றனர். மேலைநாட்டுக் கூத்து என்றனர். அவர்களை நோக்கி நாம் ஒன்று கேட்கலாம். தொல்காப்பியர் செய்யுளியலில் பண்ணத்திக்கு இடமளித்தார் அல்லரோ? மக்களிடையே வழங்கிய எளிய பாட்டுகளை உரையாசிரியர் அதற்கு எடுத்துக்காட்டினர் அல்லரோ? கடற்கரை மாந்தரின் கானல்வரியும், ஆயர் குரவையும், அம்மானையும் இல்லையேல் சிலப்பதிகாரம் இன்றுள்ள பெருமையை எய்தியிருக்குமா? தம் காலத்து மக்கள் பாட்டைக் கண்டு இளங்கோவடிகள் கூசவில்லை. நாம் கூசினோம். அக்கூச்சத்துக்கு இலக்கணம் காரணமன்று. கள்ளுக்கடையும் மீன்கூடையும் பாட்டிலே வந்ததைப் பொறாத வர்க்க மனமே காரணம்.

இப்பாடல்கள் அனைத்தும் சிறந்தன என்று நாம் வாதாடவில்லை. பெண்ணைக் கேலிப்பொருளாக்கிய பாடல்கள் இவற்றுள் உண்டு. வெறும் களியாட்டத்துக்கென எழுந்தவையும் பல. ஆனால் கள்ளுக்கடைக்குப் போகாதே என்று குடிகாரனுக்குப் புத்தி சொன்னதும் இந்த இசைதான். மதுவிலக்கு மேடைப்பேச்சு எட்டாத செவிகளை அது எட்டிற்று.

இனி, சிந்திக்கத்தக்க மற்றொரு செய்தியைக் காண்போம். 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கிற்று. அதே ஆண்டு ஜூனில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிற்று. ஒன்று வடக்கையும் தெற்கையும் இணைத்தது, மற்றது பிரித்தது. இரண்டுக்கும் பின்னர், 1970களில், 'சுராங்கனி' வந்தது. சிங்கள பைலாவாக வழங்கிய அப்பாட்டை மனோகரன் சிங்களமும் தமிழும் கலந்து பாடினார். சுராங்கனி என்னும் பெண்ணுக்கு மீன் கொண்டுவந்த ஒருவனின் எளிய பாட்டு அது. யாழ்தேவிப் பெட்டிகளில் இருக்கைப் பலகையைத் தட்டித் தாளமிட்டு அதனைப் பாடியதை நம் முதியவர் நினைவுகூர்ந்தனர். தமிழ் இளைஞர் தொடங்க, சிங்களப் பயணிகள் சேர்ந்துகொண்டனராம். "எனக்குச் சிங்களத்திலே அந்தப் பாட்டு மட்டுந்தான் தெரியும் தம்பி" என்றார் சுமை தூக்கியவர். சட்டத்தால் திணிக்கப்பட்ட மொழியை மறுத்த அதே நாவு, பாட்டாக வந்த மொழியை விரும்பி ஏற்றது. மக்கள் எதிர்த்தது அதிகாரத்தை, அயலவனின் மொழியையன்று. இதற்கு இதைவிட எளிய சான்று எங்கே கிடைக்கும்?

அப்பாட்டு கடலையும் கடந்தது. 1977 இல் இளையராஜாவின் இசையில் தமிழ்நாட்டுத் திரைப்படமொன்றிலும் ஒலித்தது. பிற இந்திய மொழிகளிலும் பாடப்பட்டது. ஆயினும் ஒரு பாட்டு இனவெறியைத் தடுத்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. 1983 இல் கொழும்பில் தமிழர் வீடுகளைக் கொளுத்தியோருள்ளும் அந்தப் பாட்டைப் பாடியவர் இருந்திருக்கலாம். பாட்டு மக்களை ஒன்றாக ஆடச்செய்யும். ஒன்றாக வாழச்செய்வதற்கு அரசியல் வேண்டும்.

1990 இல் போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவி வடக்கே வருவது நின்றது. உப்பளம் முடங்கிற்று. மின்சாரம் அற்றுப்போயிற்று. தடைசெய்யப்பட்ட பொருட்களுள் பற்றரியும் ஒன்று. அப்போது நம் மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலி கேட்டனர். சிறுவராயிருந்த நாமும் சுழற்றியிருக்கிறோம். செய்தி கேட்பதே முதல் நோக்கம். செய்தி முடிந்தபின் பெரியவர் ஒருவர் பழைய கசெற்றைப் போடுவார். கை தளர்ந்தால் பாடகரின் குரல் தடித்து இழுபடும். வேகமாகச் சுற்றினால் கீச்சிடும். அது யார் குரல் என்று அன்று நாம் அறியோம். தேநீர்க்கடையில் அந்தப் பாட்டை முதியவர் முணுமுணுத்தபோதுதான் அறிந்தோம்.

அந்தக் கசெற்றுகள் இன்று இல்லை. இடப்பெயர்வுதோறும் சில கைவிடப்பட்டன. 2009 இல் எஞ்சியவையும் போயின. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை உலகம் அறியும். மண்வீட்டு மூலையில் தகரப் பெட்டியோடு எரிந்த ஒலிநாடாக்களுக்குக் கணக்கில்லை. ஆகவே இந்த வரலாற்றுக்கு இவ்வூரில் எஞ்சியுள்ள ஆவணம் ரசிகரின் நினைவு ஒன்றே.

நினைவு தவறும் என்பர். உண்மைதான். மனோகரன் கிளிநொச்சியில் பாடியதை நேரிற் கண்டதாகக் கமக்காரர் சாதித்தார்; அது யாழ்ப்பாணத்தில் நடந்தது என்று உப்பளத்தவர் மறுத்தார். இருவரும் ஆண்டையும் வெவ்வேறாகக் கூறினர். ஆண்டுக்கும் இடத்துக்கும் நாம் பத்திரிகைகளைத் தேடவேண்டும். ஆனால் வரம்பில் இருந்த வானொலியையும், இரயிற் பலகைத் தாளத்தையும், பாட்டுக் கேட்டு ஆடியதற்காகத் தகப்பனிடம் வாங்கிய அடியையும் எந்தப் பத்திரிகை பதிவுசெய்திருக்கும்?

இங்கிலாந்திலே லிவர்பூல் ஒரு துறைமுகத் தொழிலாளர் நகரம். பீற்றில்ஸ் குழுவினர் பாடிப் புகழ்பெற்ற நிலவறை 1973 இல் இடித்து மூடப்பட்டது. 1984 இல் பழைய செங்கற்களிற் பலவற்றையே கொண்டு அது மீளக் கட்டப்பட்டது. அக்குழுவினருள் இருவர் வளர்ந்த வீடுகளை அந்நாட்டு மரபுரிமை அமைப்பு பேணி வருகின்றது. தம் இளமையிலே கேட்ட பாட்டை வரலாறாக மதிக்கும் மக்கள் அவர்கள். நமக்குச் செங்கல் இல்லை, மனிதர் இருக்கின்றனர். அவர்களும் ஒவ்வொருவராக விடைபெறுகின்றனர். அன்று தேநீர்க்கடையிலிருந்த உப்பளத்தவர் இப்போது நம்மிடையே இல்லை.

ஆகையால் நம் வகுப்பு மாணவரிடம் ஒரு வேலை ஒப்படைத்துள்ளோம். ஒவ்வொருவரும் தத்தம் பாட்டனிடமோ பாட்டியிடமோ சென்று, இளமையில் என்ன பாட்டுக் கேட்டீர்கள், எங்கே கேட்டீர்கள், யாரோடு கேட்டீர்கள் என்று வினவி எழுதி வருதல் வேண்டும். முதல் வாரம் வந்த தாள்களுள் ஒன்றிலே ஒரு மாணவி எழுதியிருந்தாள்: பாட்டி சிறிதுநேரம் பேசாதிருந்தாராம், பின்னர், இதை இதுவரை ஒருவரும் தம்மிடம் கேட்டதில்லை என்றாராம்.

தமிழாசிரியராகிய நாம் கேட்டிருக்க வேண்டும். இனியாவது கேட்போம்.