உயிர் காலேஜ் இருந்த பார்க்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க சார், காலேஜ் சம்பந்தமா இருந்தா நல்லது" என்று சங்கச் செயலாளர் கேட்டார். சரி என்று ஒப்புக்கொண்டேன். காலேஜைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் இது நாம் படித்த காலேஜ் இல்லை.

பழைய மெட்ராஸ்காரர்களுக்கு இன்னும் இரண்டு காலேஜ் தெரியும். ஒன்று செத்த காலேஜ், மற்றொன்று உயிர் காலேஜ். எழும்பூர் மியூசியத்தில் பாடம் பண்ணி வைத்த மிருகங்கள் நின்றதால் அது செத்த காலேஜ். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்து மிருகக்காட்சி சாலையில் மிருகங்கள் உயிரோடு உலவியதால் அது உயிர் காலேஜ். ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் இரண்டு காலேஜையும் காட்டாமல் திருப்பி அனுப்ப முடியாது. "பட்டணத்துல என்னத்தப் பார்த்தே?" என்று ஊரில் கேட்பார்களே!

இன்றைய மாணவர்களிடம் இந்தப் பெயர்களைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் அவர்களும் தினமும் 'பார்க் ஸ்டேஷன்' என்றும், 'பார்க் டவுன்' என்றும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எந்தப் பார்க் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. வரலாறு படித்த நானே, படிக்கிற காலத்தில் கேட்டதில்லை. கேட்காமல் விட்ட அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

கவர்னர் கொடுத்த காற்று

1859-ல் சர் சார்லஸ் டிரெவெலியன் மெட்ராஸ் கவர்னராக வந்தார். 1840-களில் அயர்லாந்துப் பஞ்சத்தின்போது கையிறுக்கம் காட்டியவர் என்று அந்த நாட்டு மக்கள் இன்றும் மன்னிக்காத அதே டிரெவெலியன்தான். ஆனால் மெட்ராஸுக்கு அவர் செய்தது வேறு. இன்று நாம் ஜார்ஜ் டவுன் என்று சொல்லும் பகுதி அன்று பிளாக் டவுன். சந்துக்குச் சந்து நெருக்கடி. அங்கே இருந்த ஜனங்கள் சாயங்காலம் நாலு அடி காலாற நடக்கவும், நல்ல காற்று வாங்கவும் ஓர் இடம் வேண்டும் என்று அவர் நினைத்தார். பிளாக் டவுனுக்கு மேற்கே பெரிய நிலப்பரப்பு ஒன்று பூங்காவாயிற்று. அதன் பெயரே பீப்பிள்ஸ் பார்க், மக்கள் பூங்கா.

அதன் அளவைக் கேட்டால் இன்று நம்ப முடியாது. 116 ஏக்கர். உள்ளே 11 குளங்கள். ஐந்தரை மைல் நீளத்துக்குப் பாதைகள். பாண்டு வாசிக்க மேடை, குளிக்க இடம், விளையாட மைதானம் எல்லாம் இருந்தன.

டிரெவெலியன் ரொம்ப நாள் இங்கே இருக்கவில்லை. கல்கத்தாவிலிருந்து வந்த வருமான வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்து எழுதியதற்காக 1860-லேயே பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். கவர்னர் போனார், பூங்கா நின்றது.

உயிர் காலேஜ் வந்த கதை

உயிர் காலேஜ் பிறந்தது செத்த காலேஜில்தான்! மியூசியத்துக்குப் பொறுப்பாளராக இருந்த டாக்டர் எட்வர்ட் பால்ஃபர், 1855-ல் அந்த வளாகத்திலேயே உயிருள்ள மிருகங்களையும் வைத்தார். கர்நாடக நவாப் தன்னிடமிருந்த மிருகங்களையும் கொடுத்தார். கூட்டம் அலைமோதியது. மிருகங்கள் பெருகி இடம் போதாமல் போக, 1860-களின் ஆரம்பத்தில் அவை மக்கள் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன.

ஆண்டுக் கடைசியில் நடக்கும் பார்க் கண்காட்சிதான் அன்றைய பெரிய திருவிழா. அந்தத் திருவிழாவே ஒரு வருஷம் பெரும் துக்கமாக முடிந்தது. 1886 டிசம்பர் 31 அன்று கண்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்துபோனார்கள். புத்தாண்டைப் பார்க்க வந்த ஜனங்கள். மகிழ்ச்சி மட்டுமல்ல, இந்த நகரத்தின் கண்ணீரும் அந்த மண்ணில் இருக்கிறது.

நல்ல காரியங்களால் கரைந்த பூங்கா

116 ஏக்கர் எங்கே போயிற்று? யாராவது வேலி போட்டு வளைத்துக்கொண்டார்களா? இல்லை. இந்தக் கதையின் முக்கியமான இடமே இதுதான். ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல காரியத்துக்காகத்தான் பூங்காவில் ஒரு துண்டு எடுக்கப்பட்டது.

முதலில் நகரத்துக்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்றார்கள். 1883-ல் விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்ட, சிஷோம் வரைபடம் போட, நம்பெருமாள் செட்டியார் கட்டிமுடித்த விக்டோரியா பப்ளிக் ஹால் 1888-ல் திறக்கப்பட்டது. 1897-ல் விவேகானந்தர் அங்கே பேசினார். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கே நாடகங்கள் போட்டது. வேண்டாத கட்டிடம் என்று யார் சொல்ல முடியும்?

அடுத்தது மூர் மார்க்கெட். பிராட்வே பக்கம் நெரிசலில் இருந்த வியாபாரிகளுக்காக, மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898-ல் அடிக்கல் நாட்டினார், 1900-ல் திறந்தார்கள். பிறகு மாநகராட்சிக்கே சொந்தமாக ஒரு மாளிகை. 1909-ல் அடிக்கல் நாட்டி 1913-ல் திறந்த வெள்ளை மாளிகை, ரிப்பன் கட்டிடம். பூங்காவைப் பராமரிக்க வேண்டியவர்களே பூங்காவுக்குள் குடிவந்துவிட்டார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அப்புறம் ஸ்டேடியம். அதிலும் பெருமைதான். 1956 ஜனவரியில் நியூஸிலாந்துக்கு எதிராக அந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில்தான் வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்தார்கள். 2008 வரை, 52 ஆண்டுகள், அந்தச் சாதனையை யாராலும் முறியடிக்க முடியவில்லை. பிறகு அது நேரு ஸ்டேடியம் ஆகி, 1993-ல் புதிதாகக் கட்டப்பட்டு, 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளும் அங்கே நடந்தன.

மண்டபம் நல்லது. மார்க்கெட் நல்லது. ஸ்டேடியம் நல்லது. எல்லா நல்லதையும் கூட்டிப் பார்த்தால், பூங்காவைத்தான் காணவில்லை.

எங்கள் செட்டும் மூர் மார்க்கெட்டும்

நான் படித்த காலத்தில் (1975-78) மூர் மார்க்கெட்டும் இருந்தது, உயிர் காலேஜும் இருந்தது. மத்தியானம் கட் அடித்துவிட்டு எங்கள் செட்டில் நாலு பேர் கிளம்புவோம். அப்பா அம்மாவைத் தவிர எல்லாம் கிடைக்கும் என்று பேரெடுத்த இடமாச்சே! கிராமபோன் தட்டு, கிளிக் கூண்டு, மீன் தொட்டி, பழைய புத்தகம்... கடைக்காரர் பத்து ரூபாய் சொன்னால் நாம் இரண்டில் ஆரம்பிக்க வேண்டும். ஒருமுறை அடித்துப் பேசி ஒரு ஐரோப்பிய வரலாற்றுப் புத்தகம் வாங்கி, ஜெயித்த பெருமையில் ஹாஸ்டலுக்கு வந்து பிரித்தால், முதல் பக்கத்தில் நம் காலேஜ் லைப்ரரி முத்திரை! மறுநாள் கொண்டுபோய் லைப்ரரியிலேயே கொடுத்தேன். "நீதான் எடுத்துட்டுப் போனவனா?" என்று திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

கையில் காசு மிஞ்சினால் அப்படியே வேர்க்கடலைப் பொட்டலத்தோடு உயிர் காலேஜுக்குள் நுழைவோம். அங்கே மர நிழலில் உட்கார்ந்து படித்த பாடங்கள் வகுப்பில் படித்ததைவிடக் குறைவில்லை.

இரண்டும் ஒரே வருஷத்தில் முடிந்தன. 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்துபோனது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 24 அன்று வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. வண்டலூரில் மிருகங்களுக்கு 500 ஹெக்டேருக்கு மேல் காடு கிடைத்தது. அந்தக் குறுகிய கூண்டுகளைப் பார்த்தவர்கள் யாரும் அதைக் குறை சொல்ல மாட்டோம். மிருகங்களுக்கு இடம் கிடைத்தது. மனுஷர்களுக்குத்தான் போய்விட்டது.

மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது. கடை இழந்தவர்களுக்காக எழுந்த வணிக வளாகத்துக்கு அல்லிக்குளம் வளாகம் என்று பெயர். ஒரு காலத்தில் அங்கே அல்லிப் பூத்த குளம் இருந்தது. குளம் போய்விட்டது, பெயர் மட்டும் பலகையில் இருக்கிறது.

116 ஏக்கரில் இன்று பூங்கா என்று சொல்லிக்கொள்ள மிஞ்சியிருப்பது ஸ்டேடியத்துக்குப் பின்னால் உள்ள மை லேடீஸ் பூங்காதான். மலர்க் கண்காட்சிகள் நடந்த இடம். நீச்சல் குளமும் உண்டு. சென்ட்ரல் பக்கம் போகிறவர்கள் ஒரு சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள்.

நமக்கு என்ன?

இதை ஏன் காலேஜ் மலரில் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. நம் மைதானத்தின் கிழக்குப் பக்கம், வேப்பமரங்கள் நிற்கிற இடத்தில், பழைய மாணவர்கள் பேரால் ஓர் அரங்கம் கட்டலாம் என்று சங்கத்தில் பேச்சு நடக்கிறது. நல்ல யோசனைதான். நானும் என்னால் ஆனதைத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தையில் மாற்றமில்லை.

ஆனால் நாம் படித்தபோது அந்த மைதானம் எவ்வளவு பெரியது என்று என் வயதுக்காரர்கள் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும். முதலில் சைக்கிள் ஸ்டாண்டு வந்தது, வேண்டியதுதான். லேப் வந்தது, அதுவும் வேண்டியதுதான். பிறகு கேன்டீன், பிறகு கார் நிறுத்த இடம். ஒவ்வொன்றுக்கும் நாம்தான் கை தட்டினோம். இப்போது பையன்கள் கிரிக்கெட் ஆடினால் பந்து ஜன்னலில்தான் விழுகிறது.

அரங்கம் கட்டுவோம். யாரும் பயன்படுத்தாமல் பூட்டிக் கிடக்கும் பழைய ஹாஸ்டல் பிளாக் இருக்கிறதே, அங்கே கட்டுவோம். செலவு கொஞ்சம் கூடலாம். ஆளுக்குக் கொஞ்சம் கூடப் போடுவோம். பெயர்ப் பலகை எங்கே வைத்தாலும் நம் பெயர் தெரியும். மைதானத்தைத் திரும்ப வாங்க எந்த மூர் மார்க்கெட்டுக்கும் போக முடியாது.

இந்த ஆண்டுப் பொதுக்குழுவில் இதை நான் எழுந்து சொல்லப் போகிறேன். என்னோடு சேர்ந்து எழுந்திருக்க நாலு பேர் இருந்தால் போதும். கட் அடித்த அந்த நாலு பேரே வந்தால் இன்னும் சந்தோஷம்.

- ஒரு பழைய மாணவன்
வரலாற்றுத் துறை, 1975-78