லிஞ்ச் நோய்க்கூட்டறிகுறி

லிஞ்ச் நோய்க்கூட்டறிகுறி என்பது பெருங்குடல், கருப்பை அகப்படலம் முதலிய உறுப்புகளில், பெரும்பாலும் 50 வயதுக்கு முன்னரே, புற்றுநோய் தோன்றும் வாய்ப்பை மிகுவிக்கும் ஒரு பரம்பரை நிலை ஆகும். இது தன்னளவில் ஒரு புற்றுநோய் அன்று. புற்றுநோய்க்கு இடங்கொடுக்கும் ஒரு மரபணுக் குறைபாடே தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படுகிறது. பொதுமக்களில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்நிலை இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் பெரும்பாலானோர் அதனை அறியாதவர்களாகவே உள்ளனர். பெருங்குடற் புற்றுநோய்களுள் ஏறத்தாழ 3 விழுக்காடு இதனால் ஏற்படுகின்றன.

குடும்பத்தில் தொடர்ந்து வரும் புற்றுநோயைத் தவிர்க்க இயலாத விதியாகக் கருதும் போக்கு பரவலாக உள்ளது. லிஞ்ச் நோய்க்கூட்டறிகுறியைப் பொருத்தவரை இக்கருத்து தவறானது என்பதை நீண்டகால ஆய்வுகள் காட்டியுள்ளன. குறைபாடுள்ள மரபணுவை மாற்ற இயலாவிடினும், அதனால் விளையும் இடரைப் பெருமளவு குறைக்க இயலும்.

வரலாறு

1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நோயியல் அறிஞர் ஆல்ட்ரெட் வார்த்தினிடம் அவருடைய தையற்காரப் பெண், தம் குடும்பத்தில் பலர் புற்றுநோயால் இறந்துவிட்டதாகவும், தாமும் அவ்வாறே இளம் வயதில் இறக்கப்போவதாகவும் கூறினார். அவர் அஞ்சியவாறே பின்னர் கருப்பை அகப்படலப் புற்றுநோயால் இறந்தார். வார்த்தின் அப்பெண்ணின் உறவினர்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 1913இல் வெளியிட்டார். செருமனியிலிருந்து வந்து மிச்சிகனில் குடியேறிய ஒருவரின் வழித்தோன்றல்களான அவர்கள், மருத்துவ நூல்களில் "குடும்பம் ஜி" என்று குறிப்பிடப்படுகின்றனர்.

1960களின் தொடக்கத்தில் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாகா நகரில் பயிற்சி மருத்துவராக இருந்த ஹென்றி லிஞ்ச் (1928–2019), மிகுகுடியால் நலிவுற்று மருத்துவமனையில் இருந்த ஒருவரைச் சந்தித்தார். தம் குடும்பத்தில் எல்லோரும் புற்றுநோயால் இறப்பதாகவும், தமக்கும் அதுவே நேரும் என்பதாலேயே குடிப்பதாகவும் அந்நோயாளி கூறினார். லிஞ்ச் அவருடைய குடும்பத்தை ஆராய்ந்து, மிச்சிகனைச் சேர்ந்த மற்றொரு குடும்பத்தின் விவரங்களுடன் சேர்த்து 1966இல் வெளியிட்டார். புற்றுநோய்க்குச் சூழலே காரணம் என்ற எண்ணம் மேலோங்கியிருந்த அக்காலத்தில் இவ்வாய்வுக்கு உரிய ஏற்பு கிடைக்கவில்லை. 1971இல் லிஞ்ச் குடும்பம் ஜியை மீண்டும் ஆராய்ந்தார். 1984இல் இந்நிலைக்கு அவருடைய பெயர் இடப்பட்டது.

இதற்குக் காரணமான மரபணுக்களுள் முதலாவது 1993இல் கண்டறியப்பட்டது. குடும்பம் ஜியில் இருந்த குறைபாடு எம்.எஸ்.எச்.2 என்னும் மரபணுவில் உள்ளது என்பது 2000இல் தெரியவந்தது. தையற்காரப் பெண்ணின் அச்சத்திற்கான காரணம் இவ்வாறு 105 ஆண்டுகளுக்குப் பின்னர் விளங்கியது.

காரணம்

உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது அதன் டி.என்.ஏ. முழுவதும் படியெடுக்கப்படுகிறது. மனித மரபுத்தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளைக் கொண்டது. ஆதலால் படியெடுக்கும்போது சில பிழைகள் நேர்வது இயல்பு. பொருந்தாத எழுத்துகளைக் கண்டுபிடித்துத் திருத்தும் புரதங்கள் உயிரணுவினுள் உள்ளன. எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 ஆகிய நான்கு மரபணுக்கள் இப்புரதங்களுக்கான குறிப்புகளைத் தாங்கியுள்ளன. இவற்றுள் ஒன்றில் ஏற்படும் குறைபாடே லிஞ்ச் நோய்க்கூட்டறிகுறிக்குக் காரணமாகும். எம்.எஸ்.எச்.2 மரபணுவை அடுத்துள்ள ஈப்கேம் என்னும் மரபணுவின் ஒரு பகுதி நீங்கியிருப்பதாலும் இந்நிலை ஏற்படலாம்.

ஒவ்வொருவரிடமும் இம்மரபணுக்களின் இரண்டு படிகள் உள்ளன. ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் கிடைப்பது. ஒரு படி குறைபாடுடையதாக இருப்பினும் மற்றொன்று திருத்தப் பணியைச் செய்துவிடும். வாழ்நாளில் ஏதேனும் ஓர் உயிரணுவில் அந்த இரண்டாவது படியும் பழுதுற்றால், அவ்வுயிரணுவில் பிழைகள் திருத்தப்படாமல் குவிந்து புற்றுநோய் உருவாகக்கூடும்.

பெற்றோருள் ஒருவருக்கு இக்குறைபாடு இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கிடைப்பதற்கான வாய்ப்பு 50 விழுக்காடு ஆகும். ஆண், பெண் இருபாலாரும் இதனைப் பெறவும் கடத்தவும் கூடும். எனவே ஒரு பெண்ணின் கருப்பைப் புற்றுநோய் இடர் தந்தைவழியாகவும் வரலாம். குடும்ப வரலாற்றைக் கேட்கும்போது தந்தைவழி உறவினரை விட்டுவிடுவதால் இது பலமுறை கவனிக்கப்படாமல் போகிறது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே மரபணுவின் குறைபாடுள்ள படிகளைப் பெறும் குழந்தைக்கு, சிறு வயதிலேயே மூளைக் கட்டி, குருதிப் புற்றுநோய், குடற் புற்றுநோய் முதலியன தோன்றக்கூடும். இது மிக அரிதான நிலையாகும். நெருங்கிய உறவில் மணம் புரிவோரிடையே இதற்கான வாய்ப்பு கூடுதல் என்பதால், அத்தை மகன், மாமன் மகள் திருமணங்கள் வழக்கில் உள்ள தமிழ்ச் சமூகத்திற்கு இச்செய்தி முக்கியமானது.

இடரின் அளவு

இடர் எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 ஆகியவற்றில் குறைபாடு உடையோருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வாழ்நாளில் பெருங்குடற் புற்றுநோய் ஏற்படக்கூடும். பி.எம்.எஸ்.2 குறைபாட்டில் இது 10 முதல் 20 விழுக்காடு வரையிலேயே உள்ளது. பெண்களுக்குக் கருப்பை அகப்படலப் புற்றுநோய் இடரும் இதற்கு ஒப்பானது. சினைப்பை, இரைப்பை, சிறுகுடல், சிறுநீர்க்குழாய், பித்தநாளம், கணையம், மூளை, தோல் ஆகியவற்றிலும் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு ஓரளவு கூடுகிறது.

குடும்பம் ஜியின் தொடக்கத் தலைமுறைகளில் இரைப்பைப் புற்றுநோயும் கருப்பைப் புற்றுநோயும் மிகுந்திருந்தன. பிற்காலத் தலைமுறைகளில் இரைப்பைப் புற்றுநோய் அருகிப் பெருங்குடற் புற்றுநோய் மிகுந்தது. அமெரிக்கப் பொதுமக்களிடமும் இதே காலத்தில் இரைப்பைப் புற்றுநோய் குறைந்து வந்தது. மரபணு மாறாதிருந்தும் நோயின் வடிவம் மாறியமை, வாழும் சூழலுக்கும் இதில் பங்குண்டு என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

கண்டறிதல்

பின்வருவன ஐயத்தை எழுப்ப வேண்டிய அடையாளங்கள் ஆகும்:

* 50 வயதுக்கு முன்னர் பெருங்குடற் புற்றுநோய் அல்லது கருப்பை அகப்படலப் புற்றுநோய் ஏற்படுதல்
* ஒரே நபருக்கு இவற்றுள் இரண்டு புற்றுநோய்கள் ஏற்படுதல்
* ஒரே வழி உறவினர்களுள் பலருக்கு, அடுத்தடுத்த தலைமுறைகளில் இவை ஏற்படுதல்

1991இல் வெளியான ஆம்சுடர்டாம் அளவுகோல்கள் "3–2–1" விதி எனச் சுருக்கமாக வழங்கப்படுகின்றன. நெருங்கிய உறவினர் மூவருக்கு, இரண்டு தலைமுறைகளில், ஒருவருக்கேனும் 50 வயதுக்கு முன்னர் நோய் வந்திருக்க வேண்டும் என்பது இதன் சாரம். குடும்பங்கள் சிறுத்துவிட்டமையால் இவ்விதி பலரைத் தவறவிடுகிறது. எனவே பல நாடுகளில், பெருங்குடலிலிருந்தோ கருப்பையிலிருந்தோ அகற்றப்படும் புற்றுக்கட்டி ஒவ்வொன்றிலும் மேற்கூறிய நான்கு புரதங்களும் உள்ளனவா என்று சோதிக்கும் முறை பின்பற்றப்படுகிறது. ஒரு புரதம் இல்லையெனில், குருதி அல்லது உமிழ்நீரைக் கொண்டு மரபணுச் சோதனை செய்யப்படுகிறது.

இயன்றவரை, நோய் வந்தவருக்கே முதலில் மரபணுச் சோதனை செய்யப்படும். அவரிடம் எந்தக் குறைபாடு உள்ளது என்பது தெரிந்தபின், உறவினர்களிடம் அதே குறைபாடு உள்ளதா என்று துல்லியமாகச் சோதிக்கலாம். அது இல்லையெனக் காணப்படும் உறவினரின் இடர் பொதுமக்களின் இடருக்கு ஒப்பானது. அவருக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் சிறப்புக் கண்காணிப்பு தேவையில்லை. குடும்பத்தின் குறைபாடு எதுவெனத் தெரியாத நிலையில், ஒருவரின் சோதனையில் எதுவும் காணப்படாததை மட்டும் கொண்டு இத்தகைய உறுதியைத் தர இயலாது.

இடர் குறைப்பு

பெருங்குடல் அகநோக்கல்

பெருங்குடற் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியிலிருந்து தொடங்குகிறது. பொதுவாகப் பாலிப் புற்றாக மாறுவதற்கு 10 ஆண்டுகள் வரை ஆகும். லிஞ்ச் நோய்க்கூட்டறிகுறி உடையோரிடம் இம்மாற்றம் 1 முதல் 3 ஆண்டுகளுக்குள்ளேயே நிகழலாம். ஆகவே அகநோக்கல் (கொலனோஸ்கோபி) சோதனையை அடுத்தடுத்துச் செய்து, காணப்படும் பாலிப்புகளை அப்போதே அகற்றுவது முதன்மையான தடுப்பு முறையாகும்.

பின்லாந்தில் 22 குடும்பங்களைச் சேர்ந்த 252 பேரிடம் 15 ஆண்டுகள் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2000இல் வெளியானது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதிக்கப்பட்ட 133 பேருள் 8 பேருக்கும், சோதிக்கப்படாத 119 பேருள் 19 பேருக்கும் பெருங்குடற் புற்றுநோய் ஏற்பட்டது. சோதிக்கப்பட்டோருள் எவரும் அந்நோயால் இறக்கவில்லை. மற்றவருள் 9 பேர் இறந்தனர்.

இப்போதைய வழிகாட்டுதல்களின்படி எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 குறைபாடு உடையோருக்கு 20–25 வயது முதலும், ஏனைய இரு மரபணுக்களில் குறைபாடு உடையோருக்கு 30–35 வயது முதலும் இச்சோதனை தொடங்கப்படுகிறது. முன்னதற்கு இடைவெளி பொதுவாக 1 முதல் 2 ஆண்டுகள் ஆகும். ஒழுங்காகச் சோதனைக்கு உட்படுவோரிலும் சிலருக்குப் புற்றுநோய் தோன்றுவதுண்டு. ஆயினும் அது பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய தொடக்க நிலையிலேயே கண்டறியப்படுகிறது.

ஆஸ்பிரின்

பிரித்தானியாவின் நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் பர்ன் தலைமையில் 861 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் ஆஸ்பிரினும் மற்றொரு பிரிவினருக்கு மருந்தற்ற மாத்திரையும் வழங்கப்பட்டன. 2020இல் வெளியான முடிவின்படி, ஆஸ்பிரின் பெற்ற 427 பேருள் 40 பேருக்கும், பெறாத 434 பேருள் 58 பேருக்கும் பெருங்குடற் புற்றுநோய் ஏற்பட்டது. பயன் உடனே தென்படவில்லை. சில ஆண்டுகள் கழிந்த பின்னரே வெளிப்பட்டது. அதே ஆண்டில் பிரித்தானியாவின் தேசிய உடல்நல வழிகாட்டுதல் நிறுவனம் லிஞ்ச் நோய்க்கூட்டறிகுறி உடையோருக்கு ஆஸ்பிரினைப் பரிந்துரைத்தது. இம்மருந்து இரைப்பையில் புண்ணையும் குருதிக்கசிவையும் உண்டாக்கக்கூடும் என்பதால், மருத்துவரின் அறிவுரையின்றி இதனை நாள்தோறும் உட்கொள்ளலாகாது.

தடுப்பு அறுவை

கருப்பைப் புற்றுநோயைப் பொருத்தவரை அகநோக்கலுக்கு இணையான, பயன் மெய்ப்பிக்கப்பட்ட கண்காணிப்பு முறை எதுவும் இல்லை. எனவே பிள்ளைப்பேறு நிறைவுற்ற பெண்களுக்குக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றும் அறுவை ஒரு தெரிவாக முன்வைக்கப்படுகிறது. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கருப்பை அகற்றப்பட்ட 61 பெண்களுள் எவருக்கும் கருப்பை அகப்படலப் புற்றுநோய் ஏற்படவில்லை. அகற்றப்படாத 210 பெண்களுள் 69 பேருக்கு அது ஏற்பட்டது. சினைப்பைகளை முன்கூட்டியே அகற்றுவது விரைவான மாதவிடாய் நிறுத்தத்தையும் எலும்புத் தேய்வையும் விளைவிப்பதால், அறுவைக்குரிய வயதும் அளவும் மரபணுவுக்கேற்ப முடிவு செய்யப்படுகின்றன. மாதவிடாய் நின்றபின் குருதிப்போக்கு, காலம் தவறிய குருதிப்போக்கு ஆகியவற்றைப் பொருட்படுத்தாமல் விடுவது ஆபத்தானது.

வாழ்க்கை முறை

மேற்கூறிய ஆஸ்பிரின் ஆய்வில் பங்கேற்றோருள், உடற்பருமன் உடையோரின் பெருங்குடற் புற்றுநோய் இடர் இயல்பான எடையுடையோரைக் காட்டிலும் 2.4 மடங்காக இருந்தது. ஆஸ்பிரின் பெற்றவர்களிடம் இக்கூடுதல் இடர் காணப்படவில்லை. அதே ஆய்வின் மற்றொரு பகுதியில் நாள்தோறும் 30 கிராம் செரிக்காத மாவுப்பொருள் வழங்கப்பட்டது. இது பெருங்குடற் புற்றுநோயைக் குறைக்கவில்லை; ஆனால் பிற உறுப்புகளில் தோன்றிய புற்றுநோய்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாக 2022இல் அறிவிக்கப்பட்டது. புகையிலையை விலக்குதல், மதுவைத் தவிர்த்தல், உடலுழைப்பு ஆகியவையும் பரிந்துரைக்கப்படுகின்றன. இவை அகநோக்கலுக்குத் துணையாகுமே அன்றி, மாற்றாக மாட்டா.

சிகிச்சை

இவ்வகைப் புற்றுக்கட்டிகளில் மரபணுப் பிழைகள் மிகுந்திருப்பதால் உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி அவற்றை அயற்பொருளாக இனங்காண்பது எளிது. ஆகையால் நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்துகள் இவற்றில் சிறப்பாகச் செயற்படுகின்றன. பெம்பிரோலிசுமாப் என்னும் மருந்துக்கு, இத்தகைய திருத்தக் குறைபாடுடைய கட்டிகளுக்காக, அவை எவ்வுறுப்பில் தோன்றியவை எனப் பாராமல், 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் வழங்கப்பட்டது.

உறவினர்களுக்குத் தெரிவித்தல்

ஒருவரிடம் இக்குறைபாடு கண்டறியப்பட்டால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருள் ஒவ்வொருவரும் அதனைப் பெற்றிருக்க 50 விழுக்காடு வாய்ப்புள்ளது. அவர்கள் வழியாகப் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமன், பெரியம்மா, சின்னம்மா ஆகியோரின் குடும்பங்களுக்கும் இச்செய்தி சென்றடைய வேண்டும். பெண்ணின் திருமணம் தடைப்படும் என்ற அச்சம், நோயின் பெயரையே சொல்லத் தயங்கும் வழக்கம், மனத்தாங்கலால் உறவு அறுந்திருத்தல் ஆகியவை இதற்குத் தடையாகின்றன. காப்பீடு பற்றிய கவலையும் உண்டு. அமெரிக்காவில் 2008இல் இயற்றப்பட்ட சட்டம், மருத்துவக் காப்பீட்டிலும் வேலைவாய்ப்பிலும் மரபணுத் தகவலைக் கொண்டு வேறுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. ஆயுள் காப்பீட்டுக்கு அச்சட்டம் பொருந்தாது.

பொதுவாக 18 வயதுக்குக் குறைந்தோருக்கு இச்சோதனை செய்யப்படுவதில்லை. சோதித்துக்கொள்வதா வேண்டாமா என்பதை மரபியல் ஆலோசனை பெற்றபின் ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்யலாம். ஆயினும் அம்முடிவை எடுப்பதற்கு, தம் குடும்பத்தில் இக்குறைபாடு உள்ளது என்பதை அவர்கள் முதலில் அறிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் இதனைத் தெரிவிக்கக்கூடியவர், முதலில் நோயுற்ற அந்த உறவினரே ஆவார்.