மூடிய பள்ளிகளும் பொள்ளாச்சித் தெருக்களும்

2015 அக்டோபரில் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துப் பள்ளியொன்றில் எடுக்கப்பட்ட சிறு காணொளி ஒன்று உலகெங்கும் பார்க்கப்பட்டது. வகுப்பை விட்டு வெளியேற மறுத்த ஒரு மாணவியை, அந்தப் பள்ளியிலேயே பணியமர்த்தப்பட்டிருந்த காவலர் ஒருவர் இருக்கையோடு கவிழ்த்துத் தரையில் இழுத்துச் செல்கிறார். பள்ளிக்கு இடையூறு செய்வதைக் குற்றமாக்கிய சட்டம் அங்கே நெடுங்காலம் இருந்தது. அதன் பிடியிலிருந்து மாணவர்கள் விடுபட்டது 2018-இல்தான்.

கொங்கு நாட்டுப் பள்ளிகளில் படித்த நமக்கு இக்காட்சி முதலில் தருவது கோபமன்று, திகைப்பு. வகுப்பறைக்குள் போலீஸ்காரருக்கு என்ன வேலை? நம் வகுப்பறைகளில் அவருக்கு ஒருபோதும் இடமிருந்ததில்லை. அதற்காகப் பெருமைப்பட ஒன்றுமில்லை. அவர் செய்யக்கூடியதை வாத்தியாரே செய்துகொண்டிருந்தார். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் ‘கோதண்டம்’ இருந்தது. பின்னால் வந்த பள்ளிகளில் பிரம்பு இருந்தது. பிள்ளையைச் சேர்க்க வரும் தகப்பன், “கண்ண மட்டும் உட்டுப்போட்டுத் தோல உரிச்சுப் போடுங்க வாத்தியாரே” என்று சொல்லிவிட்டுப் போவது எங்கள் பக்கத்தில் மரியாதையின் ஒரு வடிவம். தமிழக அரசு கல்வி விதிகளைத் திருத்தி அடியை விலக்கியது 2003-இல். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதை நாடு முழுமைக்கும் விலக்கியது 2009-இல். அதுவரை வாசற்படிக்கு உள்ளே பிரம்பு, வெளியே லத்தி என்ற எழுதப்படாத உடன்பாடு ஒன்று இருந்தது என்றே சொல்லலாம். ஆகவே மாணவர்மீது போலீஸ் கை வைத்த வரலாற்றைத் தேடுவோர், வகுப்பறையில் அன்றி, பள்ளியின் வாசலிலும் தெருவிலும்தான் தேடவேண்டும்.

வாசலில் அது தொடங்கியது 1938-இல். ராஜாஜியின் அமைச்சரவை 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாயமாக்கியபோது, சென்னை இந்து தியாலஜிகல் பள்ளியின் முன்னால் மறியல் நாள்தோறும் நடந்தது. மறியல் செய்தோரைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போயிற்று. உள்ளே பாடம் நடந்தது. கைதானோர் ஆயிரத்துக்கு மேல். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள், கட்சி ஊழியர்கள். பள்ளிப்பிள்ளை அப்போது வேடிக்கை பார்த்தவனே. 1965-இல் அவன் தெருவுக்கு வந்துவிட்டான்.

1965-இன் பின்னணியை நம் வாசகர்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. அரசியலமைப்பு விதித்த பதினைந்தாண்டு அவகாசம் ஜனவரி 26-இல் முடிந்தது. ஆங்கிலம் நீடிக்கும் என்று நேரு தந்த வாக்கு 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘நீடிக்கலாம்’ என்ற அளவில்தான் எழுதப்பட்டிருந்தது. ஜனவரி 25-இல் மதுரையில் மாணவர் ஊர்வலம் கலவரமாயிற்று. 27-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். மறுநாள், 28-இல், பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் வகுப்புகள் காலவரையின்றி நிறுத்தப்பட்டன.

இந்தக் கடைசி வரியை வரலாற்று நூல்கள் ஒரு நிர்வாகச் செய்தியாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றன. நமக்கு அங்கேதான் நிற்கத் தோன்றுகிறது. வகுப்பில் அமர்ந்து மேசையைத் தட்டிக் கூச்சலிடும் பையன், சட்டத்தின் பார்வையில் இன்னும் மாணவன். அவனுக்கு ஒரு தலைமையாசிரியர் இருக்கிறார், வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கிறது, வரச்சொல்லி ஆளனுப்ப ஒரு தகப்பன் இருக்கிறார். பள்ளியைப் பூட்டி அவனைத் தெருவில் விட்ட கணத்தில் இவையெல்லாம் கழன்றுபோகின்றன. இந்திய தண்டனைச் சட்டத்தின் 141-ஆம் பிரிவுக்கு ஐந்து பேர் கூடினால் போதும். நோக்கம் தவறென்று கருதப்பட்டால் அது சட்டவிரோதக் கூட்டம். அக்காலத்தில் நடப்பிலிருந்த 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், அக்கூட்டத்தைக் கலைந்துபோகச் சொல்லவும், போகாவிட்டால் பலத்தால் கலைக்கவும், அதுவும் போதாவிட்டால் ராணுவத்தைக் கொண்டு கலைக்கவும் அடுத்தடுத்த மூன்று பிரிவுகளில் (127, 128, 129) வழிசெய்திருந்தது. அவற்றில் வயது என்ற சொல்லே இல்லை. எண்களும் பெயரும் மாறினாலும் இன்றைய சட்டத்திலும் அந்தப் படிவரிசை அப்படியேதான் இருக்கிறது.

அரசு பள்ளிகளை மூடியது அமைதிக்காக என்பதை நாம் மறுக்கவில்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று மெய்யாகவே நம்பியிருப்பார்கள். ஆனால் கல்லூரி என்பது சில நூறு இளைஞர்களை ஒரே சுவருக்குள் வைத்திருக்கும் ஏற்பாடுங்கூட. சுவர் இல்லையென்றானபின் மாணவர் தம் ஊர்களுக்குப் போனார்கள். போராட்டமும் உடன் போயிற்று. ஜனவரியில் சென்னை, மதுரை, சிதம்பரம் என்றிருந்த பெயர்கள் பிப்ரவரியில் திருப்பூர், பொள்ளாச்சி, குமாரபாளையம் என்று மாறியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் கணிப்பு.

அன்றைய கோவை மாவட்டம் திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி அனைத்தையும் உள்ளடக்கியது. அவினாசி சாலையில் பஞ்சாலைகளும் கல்லூரிகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ஊர் கோவை. பல இடங்களில் இரண்டையும் கட்டியது ஒரே குடும்பம். ஆகவே இங்குள்ள போலீஸுக்குக் கூட்டம் என்றால் ஆலை வாசல் கூட்டம்தான். 1946-இல் ஸ்டேன்ஸ் மில் தொழிலாளர்மீது நடந்த துப்பாக்கிச் சூடு அன்று நடுவயதினர் பலரின் நினைவில் இருந்திருக்கும். வேலைநிறுத்தக்காரரைக் கையாளப் பழகிய கை, அரும்பு மீசை மாணவரைக் கையாளும்போது வேறு அளவுகோல் எடுக்கவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. திருப்பூரில் இரண்டு போலீஸ் சப் இன்ஸ்பெக்டர்களைக் கும்பல் எரித்துக் கொன்றது. கூட்டத்தில் அப்போது மாணவர் எத்தனை பேர், நெசவாளர், ஆலைத் தொழிலாளர், வேடிக்கைக்கு வந்தவர் எத்தனை பேர் என்று யாரும் பிரித்தெடுக்க முடியாது. குமாரபாளையத்திலும் துப்பாக்கி சுட்டது. ராணுவம் வந்தது. பொள்ளாச்சிக்குப் போனவர்கள் அச்சத்தோடும் சினத்தோடும் போயிருப்பார்கள்.

பிப்ரவரி 11-இல் மத்திய அமைச்சர் சி. சுப்பிரமணியம் பதவி விலகல் கடிதம் கொடுத்தார், உடன் ஓ.வி. அழகேசனும். சி.எஸ். பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துக்காரர். அன்றிரவே பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் வாக்கு காக்கப்படும் என்றார். 12-ஆம் தேதி மாணவர் போராட்டக் குழு கிளர்ச்சியைத் தள்ளிவைத்தது. அதே 12-ஆம் தேதிதான் பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு. கேட்டதில் பாதியாவது கிடைத்துவிட்ட நாளில், பதவி விலகிய அமைச்சரின் சொந்த வட்டாரத்தில், அத்தனை பேர் செத்தார்கள். எத்தனை பேர்? தமிழகம் முழுமைக்கும் சுமார் எழுபது என்பது அரசுக் கணக்கு. ஐந்நூறு வரை போகும் கணக்குகளும் உண்டு. அந்த இடைவெளியின் பெரும்பகுதி பொள்ளாச்சியில் கிடக்கிறது.

ஈரோட்டுக்காரரான பெரியார் அன்று எங்கே நின்றார் என்பதையும் குறிக்கவேண்டும். 1938-இல் இந்தி எதிர்ப்புக்காகச் சிறை சென்றவர், 1965-இல் மாணவர் கிளர்ச்சியைக் காலித்தனம் என்று கண்டித்தார். அரசு இன்னும் கடுமையாக இருக்கவேண்டும் என்றார். அவரைக் கொண்டாடுவோரும் தூற்றுவோரும் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். காங்கிரஸ் ஆட்சியைக் காக்கும் எண்ணமே அதில் மேலோங்கியிருந்தது என்று நாம் கருதுகிறோம். மேலும், தெருவில் நிற்கும் பையனை மாணவனாக அல்ல, கூட்டமாக மட்டுமே பார்க்கும் கண் அரசுக்கு மட்டும் உரியதன்று என்பதும் அதில் தெரிகிறது.

1967-இல் அந்த ஆட்சி வீழ்ந்தது. விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்த பெ. சீனிவாசன் 1965-இன் மாணவர் தலைவர்களில் ஒருவர். மாணவர்களால் வந்த ஆட்சி, மாணவர்களிடம் வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்று பலரும் நினைத்தார்கள். 1971-இல், முதல்வர் கருணாநிதிக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் தந்ததை எதிர்த்த மாணவர்கள் தடியடிக்கு உள்ளானார்கள். உதயகுமார் என்ற மாணவரின் உடல் குளத்தில் கிடந்தது. 1972-இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி மாணவர் லூர்துநாதன் ஊர்வலத்தின்மீது நடந்த தடியடியின்போது தாமிரபரணியில் மூழ்கி இறந்தார். பிறகு 2008 நவம்பர் 12-இல் சென்னைச் சட்டக் கல்லூரியில் மாணவர் இரு சாதிப் பிரிவாக நின்று தாக்கிக்கொண்டபோது, வாசலில் நின்ற போலீஸ் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொண்டிருந்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. முதல்வரின் அனுமதி கேட்கவேண்டும் என்ற மரபு அன்று அவர்களுக்கு நினைவுக்கு வந்திருந்தது.

ஆண்டுதோறும் ஜனவரி 25-இல் மொழிப்போர் ஈகியர் பெயர்கள் மேடைகளில் வாசிக்கப்படுகின்றன. நடராசன், தாளமுத்து, சின்னச்சாமி, சிவலிங்கம், அரங்கநாதன். கொங்கு நாட்டிலிருந்து, தீக்குளித்த சத்தியமங்கலம் முத்து, நஞ்சுண்ட பீளமேடு தண்டபாணி. சிறையில் மாண்டவர்களும், தாமே சாவைத் தேர்ந்தவர்களும். சுடப்பட்டு இறந்தவர் என்று அப்பட்டியலில் நிலைத்திருப்பது பெரும்பாலும் இராசேந்திரன் ஒருவரே. அவர் இறந்த அன்று அவருடைய கல்லூரி இன்னும் திறந்திருந்தது. பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது. மறுநாள் அவரைத் தேட ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. பொள்ளாச்சியில் விழுந்தவர்களுக்கு அப்படியொன்று இல்லை. அங்கே முதியவர்களிடம் கேட்டால் தெருவைச் சொல்கிறார்கள், நேரத்தைச் சொல்கிறார்கள், சடலங்களை லாரியில் ஏற்றிப்போனதாகச் சொல்கிறார்கள். பெயர் கேட்டால் கொஞ்ச நேரம் யோசித்து, “நம்ம பையன் ஒருத்தனுங்க” என்கிறார்கள்.